சிறுநீரில் கல் விளைவது எப்படி?

பனங்கற்கண்டு காய்ச்சுமிடத்தை நம் அங்கத்தினர்களில் பலர் கண்டிருப்பர். பதநீரைப் பாகுபதத்திற்குக் காய்ச்சி, நூல் கட்டிய பாத்திரத்தில் ஊற்றி, அசைக்காமல் பல நாட்கள் வைத்துவிடுகிறார்கள். பின்பு திறந்து பார்த்தால் நூலைப் பற்றிக்கொண்டு கற்கண்டு விளைந்திருக்கும். பாகு நீர்த்திருந்தால் அது விளையாது. பற்றிக்கொள்ள நூல் இல்லாவிடில் நன்றாகக் கட்டாது. பதநீர் சற்றே புளித்துப் பாகில் வேறு சர்க்கரைகள் கலந்துவிட்டாலோ, எவ்வளவு காய்ச்சினாலும் கட்டாமல் கூழாகவே நின்றுவிடும். மனிதனுடைய சிறுநீரகத்தில் கல் விளைவதும் ஏறக்குறைய இம்மூன்று விதிகளுக்கு உட்பட்டே நடைபெறுகிறது. கரைசல் செறிந்திருக்க வேண்டும். பற்றிக்கொள்ள ஓர் இடம் வேண்டும். கட்டவிடாமல் தடுக்கும் பொருள் குறைந்திருக்க வேண்டும்.

இந்நோயைக் கல்லடைப்பு என்று நம் சித்த வைத்திய நூல்கள் கூறும். விலாவில் தொடங்கி அடிவயிறு வரை இறங்கும் அந்த வலியை ஒரு முறை பட்டவர் மறப்பதில்லை. விருதுநகர், சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை வட்டாரங்களில் இதைப் பற்றிப் பேச்செழுந்தால் மூன்று கேள்விகள் தவறாமல் வருகின்றன. நம் கிணற்றுநீர் கடின நீராயிற்றே, அதிலுள்ள சுண்ணாம்புதானே கல்லாகிறது என்பது ஒன்று. பாலையும் மோரையும் நிறுத்திவிட வேண்டுமா என்பது மற்றொன்று. தக்காளி விதை உள்ளே சென்று கல்லாகிவிடுமா என்பது மூன்றாவது. மூன்றாவது கேள்விக்கு உடனே விடை கூறிவிடலாம். விதை குடலுக்குள்தான் போகும். சிறுநீரகத்திற்குப் போக அதற்கு வழியே இல்லை. மற்ற இரண்டுக்கும் விடை காணச் சிறுநீருக்குள் என்னென்ன இருக்கின்றன என்பதைச் சற்று விரிவாக ஆராய வேண்டியிருக்கிறது.

நம் இரு சிறுநீரகங்களும் ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. அதில் ஏறத்தாழ முழுவதையும் உடல் திரும்ப வாங்கிக்கொள்கிறது. எஞ்சி வெளியேறுவது ஒன்றரை லிட்டர் அளவே. உடலுக்கு வேண்டாத உப்புக்கள் அனைத்தும் அந்த ஒன்றரை லிட்டருக்குள் அடங்கியாக வேண்டும். அவற்றுள் சுண்ணாம்புச் சத்தாகிய கால்சியம் உண்டு. கீரை, கடலை, தேநீர் முதலியவற்றிலிருந்து வருவதும் உடலிலேயே உண்டாவதுமான ஆக்ஸலேட் உண்டு. பாஸ்பேட்டும் யூரிக் அமிலமும் உண்டு. கற்களில் பெரும்பான்மையானவை கால்சியமும் ஆக்ஸலேட்டும் சேர்ந்தவை. யூரிக் அமிலக் கல், சிறுநீரில் கிருமி புகுந்ததால் உண்டாகும் கல், பரம்பரையாக வரும் சிஸ்டின் கல் ஆகியவை எஞ்சியவற்றில் அடங்கும்.

பட்டாசுத் தொழிலில் உள்ளவர்களுக்கு வெடியுப்பின் இயல்பு தெரியும். 100 கிராம் கொதிநீர் 240 கிராமுக்கு மேல் வெடியுப்பைக் கரைத்துக்கொள்ளும். அதே நீர் 20 டிகிரிக்கு ஆறினால் 32 கிராமைத்தான் தாங்கும். மீதியெல்லாம் ஊசி ஊசியாகப் படிகமாகிக் கீழே இறங்கிவிடும். ஒரு கரைசல் தன்னால் தாங்கக்கூடிய அளவு உப்பை ஏற்றுக்கொண்ட நிலையைத் தெவிட்டிய நிலை என்கிறோம். அதற்கும் மேல் ஏற்றுக்கொண்டு இன்னும் தெளிவாகவே நிற்குமானால் அது அதிதெவிட்டிய நிலை. சிறுநீரில் வெப்பம் மாறுவதில்லை. நீரின் அளவுதான் மாறுகிறது. நீர் குறையக் குறைய உப்பு செறிகிறது. கல் நோயே அறியாதவரின் சிறுநீர்கூடக் கால்சியம் ஆக்ஸலேட்டைப் பொறுத்தவரை பல வேளைகளில் அதிதெவிட்டிய நிலையில்தான் இருக்கிறது. அப்படியானால் எல்லோருக்கும் கல் விளைய வேண்டுமே, ஏன் விளைவதில்லை? இந்தக் கேள்வியில்தான் நம் பாடத்தின் உயிர்நிலை இருக்கிறது. சிறுநீரில் கல்லாக்கும் பொருள்கள் மட்டும் இல்லை; கல்லாகவிடாமல் தடுக்கும் பொருள்களும் இருக்கின்றன.

அவற்றுள் முதலில் வைத்து எண்ணத்தக்கது சிட்ரேட். எலுமிச்சை, நாரத்தை, சாத்துக்குடி இவற்றின் புளிப்பைத் தரும் பொருளின் உப்பே இது. பழத்திலிருந்து நேரே வருவதைக் காட்டிலும் நம் உடல் தானே உண்டாக்கிக்கொள்வது மிகுதி. இது இரண்டு வேலைகளைச் செய்கிறது. கால்சியத்தைத் தன்னோடு பிணைத்து, எளிதில் கரையும் சேர்க்கையாக்கி, ஆக்ஸலேட்டின் கைக்கு எட்டாமல் வைக்கிறது. அதையும் மீறிப் படிகம் தோன்றிவிட்டால் அதன் மேற்பரப்பில் போய் ஒட்டிக்கொண்டு, அடுத்த அடுக்கு ஏறவிடாமல் மறிக்கிறது. சுவர் எழுப்பும் கொத்தனார் அடுத்த கல்லை வைக்கவேண்டிய இடத்தில் ஒருவன் போய் உட்கார்ந்துகொள்வதைப் போன்றது இது. இரத்தத்தில் அமிலம் மிகும்போதும், பொட்டாசியம் குறையும்போதும், நீடித்த வயிற்றுப்போக்கின்போதும் உடல் சிட்ரேட்டைச் சிறுநீரில் விடாமல் தானே உறிஞ்சிக்கொள்கிறது. அப்போது காவல் தளர்ந்துவிடுகிறது. மருத்துவர்கள் பொட்டாசியம் சிட்ரேட் என்னும் மருந்தைக் கல் நோயாளருக்குக் கொடுப்பதன் காரணம் இதுவே.

இங்கே ஒன்றை இடையில் கூறவேண்டும். மிட்டாய்க் கடைகளில் சர்க்கரைப் பாகு பூக்காமல் இருக்க எலுமிச்சைச் சாறு பிழிவது வழக்கம். அதையும் இதையும் ஒன்றென எண்ணிவிடலாகாது. அங்கே எலுமிச்சையின் அமிலம் சர்க்கரையையே உடைத்து வேறு சர்க்கரையாக்குகிறது. இங்கே சிட்ரேட் எதையும் உடைப்பதில்லை, பிணைக்கிறது, மறிக்கிறது.

மக்னீஷியம் மற்றொரு காவலன். சிட்ரேட் கால்சியத்தைப் பிடிப்பது போல் இது ஆக்ஸலேட்டைப் பிடித்துக்கொள்கிறது. மூன்றாவதாகிய பைரோபாஸ்பேட்டின் வரலாறு நம் சாயப்பட்டறை அன்பர்களுக்குச் சுவையளிக்கும். கடின நீரில் சாயமிட்டால் சுண்ணாம்பு நூலில் படிந்து நிறம் திட்டுத் திட்டாக ஏறும் என்பதும், அதைத் தடுக்கப் பாலிபாஸ்பேட் உப்பைத் தொட்டியில் சிறிதளவு சேர்ப்பதுண்டு என்பதும் அவர்கள் அறிந்ததே. கொதிகலங்களில் காரை படியாமல் இருக்கவும் இவ்வகை உப்புக்கள் பயன்பட்டன. நீர் முழுவதிலும் உள்ள சுண்ணாம்புக்கு ஈடாக அவற்றைச் சேர்க்கவேண்டியதில்லை. மிகச் சிறிதளவே காரை படிவதை நிறுத்திவிடும். 1962ல் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஹெர்பர்ட் ஃபிளைஷ், சில்வியா பிசாஸ் என்னும் இருவர், அதே குடும்பத்தைச் சேர்ந்த பைரோபாஸ்பேட் மனிதனின் சிறுநீரிலேயே இயற்கையாக இருப்பதைப் பிரித்தெடுத்துக் காட்டினர். சாயத்தொட்டிக்கு நாம் கடையில் வாங்கிச் சேர்க்கும் காவலை இயற்கை மனிதனுக்கு இலவசமாகவே வைத்திருக்கிறது என்றால் மிகையன்று.

இவையெல்லாம் சிறிய மூலக்கூறுகள். பெரிய புரதங்களும் உண்டு. அவற்றுள் மிகுதியாகக் காணப்படுவதை 1950ல் நியூயார்க்கு ராக்ஃபெல்லர் நிலையத்தில் இகோர் டாம், பிராங்க் ஹார்ஸ்ஃபால் என்போர் கண்டறிந்தனர். அவர்கள் கல் நோயைத் தேடிச் செல்லவில்லை. சளிக்காய்ச்சல் கிருமியின் செயலைத் தடுக்கும் பொருள் ஒன்று சிறுநீரில் இருப்பதை ஆராயப் போய் இது அகப்பட்டது. டாம்-ஹார்ஸ்ஃபால் புரதம் என்று அவர்கள் பெயராலேயே அது வழங்குகிறது. சிறு படிகங்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளாமல் அது தடுக்கிறது. படிகம் தனித்தனியாக இருக்கும் வரை மணலைப் போலச் சிறுநீரோடு போய்விடும், திரண்டுவிட்டால்தான் அடைப்பு. ஆனால் இப்புரதம் எப்போதும் நண்பனாக இருப்பதில்லை. சிறுநீர் மிகவும் செறிந்து, அமிலமும் உப்பும் மிகுந்துவிட்டால் இப்புரதமே தன்னோடு தான் ஒட்டிக் கூழாகிப் படிகங்களையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளக்கூடும். ஆகவே காவலனிடம் கெடுதல் இருக்கிறதா என்று கேட்பதைவிட, அவனை எந்த நிலையில் நிறுத்தியிருக்கிறோம் என்று கேட்பதே பொருந்தும்.

கால்சியம் ஆக்ஸலேட் படிகத்திலும் இரண்டு வகை உண்டு. ஒரு பங்கு நீரோடு சேர்ந்தது ஒன்று. இரண்டு பங்கு நீரோடு சேர்ந்தது மற்றொன்று. முன்னது சிறுநீரகத்தின் உள்தோலில் நன்றாக ஒட்டிக்கொள்வது. கடினமான கல்லாவதும் அதுவே. பின்னது அவ்வளவாக ஒட்டாமல் கழிந்துபோகும் தன்மையுடையது. சிட்ரேட்டும் சில புரதங்களும் போதுமான அளவில் இருந்தால் படிகம் இரண்டாம் வகையாகத் தோன்றுவதற்கே இடம் மிகுதி. தடுக்கும் பொருள்கள் படிகத்தை முற்றிலும் ஒழிக்க முடியாதபோதும் அதன் குணத்தை மாற்றி, தீங்கு குறைந்ததாக்கிவிடுகின்றன.

இனி நூலைப் பற்றிய செய்திக்கு வருவோம். சிறுநீர் வடிகுழாய்களைக் கடந்து செல்ல எடுத்துக்கொள்வது சில நிமிடங்களே. அந்தச் சில நிமிடங்களுக்குள் மிதந்து செல்லும் ஒரு படிகம் குழாயை அடைக்குமளவு வளர இயலாது என்று 1978ல் கணக்கிட்டுக் கூறினர். எனவே அது எங்கேனும் தங்கி நின்றாக வேண்டும். அந்த இடத்தை 1937லேயே அமெரிக்காவின் பிலடெல்பியா நகர் அலெக்ஸாண்டர் ராண்டால் என்னும் மருத்துவர் கண்டிருந்தார். இறந்தோரின் சிறுநீரகங்களை ஆராய்ந்த அவர், சிறுநீர் சொட்டும் முகடுகளின் தோலுக்கடியில் கால்சியம் பாஸ்பேட் வெண்திட்டாகப் படிந்திருப்பதையும், சில இடங்களில் அத்திட்டின் மேலேயே கல் பற்றி வளர்ந்திருப்பதையும் விவரித்தார். ராண்டால் திட்டு என்பது அதன் பெயர். கற்கண்டுப் பாத்திரத்தில் நூல் செய்யும் வேலையைப் பலருடைய சிறுநீரகத்தில் அத்திட்டு செய்கிறது.

தடுக்கும் பொருள்களைப் பற்றிய ஆராய்ச்சி இன்னும் முடிந்தபாடில்லை. 2016ல் அமெரிக்காவின் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்து ஜெஃப்ரி ரைமரும் உடனிருந்தோரும் ஹைட்ராக்ஸிசிட்ரேட் என்னும் பொருள் கால்சியம் ஆக்ஸலேட் படிகம் வளர்வதைத் தடுப்பதோடு, சில நிலைகளில் வளர்ந்த படிகத்தையே கரையச் செய்வதையும் ஆய்வுக்கூடத்தில் காட்டினர். இப்பொருள் மீன் குழம்புக்கு இடும் குடம்புளியில் மிகுதியாக உள்ளது. செய்தி மகிழ்ச்சி தருவதே. எனினும் கண்ணாடித் தட்டில் கரைந்தது சிறுநீரகத்திலும் கரையும் என்பதற்கு அது சான்றாகாது. குடம்புளிச் சாற்றை மாத்திரையாக்கி விற்பவற்றை உண்டவர்களில் சிலருக்கு ஈரல் கெட்டதாக மருத்துவ ஏடுகளில் செய்தி வந்திருக்கிறது. குழம்பில் இடுவது வேறு. குப்பியில் வாங்கி விழுங்குவது வேறு.

இவ்வளவு நேரமும் காவலர்களைப் பற்றிப் பேசினோம். நம் வட்டாரத்தில் அவர்களைத் தோற்கடிப்பது எது? வெயிலும் வேலையும் என்பதே நம் விடை. சிவகாசியில் தீப்பெட்டியும் பட்டாசும் தழைத்ததற்கே இந்த வறண்ட காற்றுத்தான் காரணம். மருந்து உலர்வதற்கு அது நல்லது. மனிதன் உலர்வதற்கு நல்லதாகுமா? கோடையில் வெப்பம் 40 டிகிரியை நெருங்கும் நாட்களில் காயவைக்கும் மேடையில் நிற்பவருக்கு வியர்வையாகவே பல லிட்டர் நீர் போய்விடுகிறது. சரம் பின்னும் பெண்மணிக்குக் கூலி எண்ணிக்கைக் கணக்கில். எழுந்து சென்றால் எண்ணிக்கை குறையும். குழித்தறியில் அமர்ந்த நெசவாளரும் பாவு தீரும்வரை எழ மனம் கொள்வதில்லை. மிளகாய்ச் செடிக்கும் பருத்திக்கும் நடுவே குனிந்திருக்கும் விவசாயிக்குக் குடிநீர்க் குடம் வரப்பின் மறு கோடியில் இருக்கும்.

பெண்களைப் பற்றி மற்றொன்றும் சொல்லவேண்டும். இதைச் சொல்லக் கூசுவதனாலேயே அது நீடிக்கிறது. காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பும்போதே பலர் வேண்டுமென்றே நீர் அருந்துவதில்லை. வேலையிடத்தில் ஒதுங்க வசதியான இடம் இராது, அல்லது இருந்தும் உள்ளே போகும்படி இராது என்பதே காரணம். தாகம் அவர்களுக்குத் தெரியாமலில்லை. தாகத்தை அடக்குவது இரண்டில் குறைந்த துன்பம் என்று தேர்ந்துகொள்கிறார்கள். அங்கே நீரை மிகுதியாகக் குடியுங்கள் என்று அறிவுரை கூறுவது மட்டும் போதாது. கதவும் தண்ணீரும் உள்ள ஒரு கழிப்பிடம் கட்டுவது சிட்ரேட் மருந்துக்கு ஒப்பான வைத்தியமே என்று நாம் கருதுகிறோம்.

வெப்பத்திற்கும் கல்லுக்கும் உள்ள தொடர்பு வெறும் ஊகமன்று. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி ஆராய்ச்சி நிலையத்தார் தென்னிந்திய உருக்காலை ஒன்றில் 340 தொழிலாளரை ஆராய்ந்து 2020ல் முடிவுகளை வெளியிட்டனர். அவர்களில் 91 பேருக்கு ஒலியலைப் படம் எடுத்துப் பார்த்ததில் நூற்றுக்கு 27 பேரிடம் கல் இருந்தது. கல் இருந்தோருள் நூற்றுக்கு 84 பேர் கடும் வெப்பத்தில் வேலை செய்பவர்கள். அதற்கும் முன்பு, 1993ல், இத்தாலி நாட்டுப் பார்மா நகர் மருத்துவர் லோரிஸ் போர்கியும் உடனிருந்தோரும் கண்ணாடி ஆலை ஒன்றில் உலை வெப்பத்தில் நிற்போரையும் சாதாரண வெப்பத்தில் வேலை செய்வோரையும் ஒப்பிட்டனர். உலைத் தொழிலாளரிடையே கல் நோய் மூன்று மடங்குக்கும் மேலாக இருந்தது. அவர்களுடைய கற்களில் பத்தில் ஏறத்தாழ நான்கு யூரிக் அமிலக் கற்கள். சிறுநீர் குறைவதோடு அமிலத்தன்மையும் கூடுவதே இதற்குக் காரணம். சிறுநீரின் அமிலக் காரக் குறியெண் ஐந்தரைக்குக் கீழே இறங்கினால் யூரிக் அமிலம் கரைந்திருக்க முடியாமல் படிகமாகிவிடும். அந்த எண்ணைச் சற்று உயர்த்திவிட்டால் அதே கல் கரையத் தொடங்கும். மருந்தினால் கரைக்கக்கூடிய கல் வகை இது என்பதை நினைவில் வைக்கவேண்டும்.

நீர் அருந்துவதால் பயனுண்டா என்பதையும் அதே போர்கி சோதித்துப் பார்த்தார். முதன்முறையாகக் கல் வந்த 199 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினரை நாளொன்றுக்கு இரண்டு லிட்டருக்கு மேல் சிறுநீர் வெளியேறுமளவு நீர் அருந்தச் செய்தார். மற்றப் பகுதியினரைப் பழைய வழக்கப்படியே விட்டுவிட்டார். ஐந்தாண்டுகளில் நீர் அருந்திய 99 பேரில் 12 பேருக்கே மீண்டும் கல் வந்தது. மற்ற 100 பேரில் 27 பேருக்கு வந்தது. இம்முடிவு 1996ல் வெளியாயிற்று. வெறும் தண்ணீர் இவ்வளவு செய்கிறது.

இனிப் பால் மோர்க் கேள்வி. கல்லில் கால்சியம் இருக்கிறது, பாலிலும் இருக்கிறது, ஆகவே பாலை நிறுத்து என்று கூறுவது கேட்பதற்குச் சரியாகவே தோன்றும். மருத்துவர்களே நெடுங்காலம் அப்படிக் கூறிவந்தனர். 2002ல் போர்கி வெளியிட்ட மற்றோர் ஆராய்ச்சி இதைத் தலைகீழாக்கிற்று. கல் நோயுள்ள 120 ஆண்களில் 60 பேருக்குக் கால்சியம் குறைந்த உணவு. மற்ற 60 பேருக்கு வழக்கமான அளவு கால்சியமும், குறைந்த உப்பும், குறைந்த இறைச்சியும் கொண்ட உணவு. ஐந்தாண்டு முடிவில் முதல் பகுதியில் 23 பேருக்கும் இரண்டாம் பகுதியில் 12 பேருக்கும் கல் திரும்பிற்று. பாலில் உள்ள கால்சியம் குடலிலேயே ஆக்ஸலேட்டைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றிவிடுகிறது; பாலை நிறுத்தினால் அந்த ஆக்ஸலேட் தடையின்றி இரத்தத்தில் ஏறிச் சிறுநீருக்கு வந்துவிடுகிறது. கீரையும் தயிரும் சேர்த்து உண்ணலாகாது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. வேறு காரணம் எதுவாயினும் இருக்கட்டும். கல்லைப் பொறுத்தவரை கீரையுண்ணும் வேளையில் ஒரு கரண்டித் தயிர் சேர்வது நன்மையே. கீரையை வேகவைத்த நீரை வடித்துவிட்டால் ஆக்ஸலேட்டில் ஒரு பகுதி நீரோடு போய்விடும்.

பாலுக்கும் கல்லுக்கும் உள்ள உறவை நம் மாநிலத்திலேயே ஒருவர் நூறாண்டுகளுக்கு முன் ஆராய்ந்திருக்கிறார். குன்னூர்ப் பாஸ்டர் நிலையத்தில் உணவாராய்ச்சி நடத்திய ராபர்ட் மக்காரிசன், தானிய மாவையே பெரும்பகுதியாகக் கொண்டு பாலும் வைட்டமின் ஏ-யும் குறைந்த உணவை வெள்ளெலிகளுக்கு ஊட்டி, அவற்றின் சிறுநீர்ப்பையில் கல் தோன்றுவதை 1927ல் வெளியிட்டார். உணவில் பாலைச் சேர்த்தபோது கல் தோன்றவில்லை. அது ஏழைக் குழந்தைகளுக்கு வந்துகொண்டிருந்த சிறுநீர்ப்பைக் கல். இன்று பெரியவர்களுக்கு வரும் சிறுநீரகக் கல்லின் காரணங்கள் வேறு. ஆனால் உணவை மாற்றினால் சிறுநீர் மாறும், சிறுநீர் மாறினால் கல் மாறும் என்ற பாதையை அந்தக் குன்னூர் எலிகள் காட்டிவிட்டன. அந்த ஆராய்ச்சிக்கூடம் 1958ல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, பின்னர் தேசிய உணவூட்ட நிலையமாயிற்று. அந்நிலையத்தாரே 1990ல் நம் சமையலறைப் புளியை எடுத்துக்கொண்டு, புளி உண்டவர் சிறுநீரில் படிகம் தானே தோன்றும் போக்குக் குறைவதைக் கண்டனர். ரசத்தையும் புளிக்குழம்பையும் பழிக்கவேண்டியதில்லை.

பழிக்கவேண்டியது உப்பை. சோடியத்தை வெளியேற்றும்போது சிறுநீரகம் கால்சியத்தையும் சேர்த்தே வெளியே விட்டுவிடுகிறது. சுமார் 6 கிராம் உப்புக் கூடுதலாக உண்டால் ஏறக்குறைய 40 மில்லிகிராம் கால்சியம் கூடுதலாகச் சிறுநீரில் இறங்கும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய் என்று நம் வறண்ட நிலத்து உணவு உப்பில் ஊறியது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வியர்த்து உழைப்பவருக்கு உப்பு வேண்டாமா என்று கேட்பர். வேண்டும், ஆனால் மூன்று வேளைச் சோற்றிலும் குழம்பிலும் சேர்வதே பெரும்பாலோருக்குப் போதுமானது. இறைச்சி மிகுந்தால் யூரிக் அமிலம் கூடும், சிட்ரேட் குறையும். எனவே அளவு நல்லது.

கிணற்றுநீரைப் பற்றிய பயமும் பெரும்பாலும் தேவையற்றது. கடின நீரிலுள்ள கால்சியமும் மக்னீஷியமும் உணவோடு சேர்ந்து குடலில் ஆக்ஸலேட்டைப் பிடிக்கும் வேலையைச் செய்யக்கூடியவையே. கடின நீர் என்று அஞ்சிக் குறைவாகக் குடிப்பவருக்குத்தான் ஆபத்து மிகுதி. உப்புக் கரிக்கும் நீரானால் அது வேறு கதை. அதைப் பரிசோதித்து, குடிக்கத் தகுந்ததா என்று கேட்டறிய வேண்டும்.

வாழைத்தண்டு, சிறுபீளை, நெருஞ்சில் இவற்றைப் பற்றி நம் கருத்தைக் கேட்போர் பலர். வாழைத்தண்டு நல்ல உணவு. அதன் சாற்றோடு நீரும் உள்ளே செல்கிறது. நெருஞ்சிலும் சிறுபீளையும் பழைய வைத்திய முறையில் இடம் பெற்றவை. எலிகளிடத்தும் சோதனைக் குழாயிலும் படிகத்தைக் குறைத்தனவாக ஆராய்ச்சிகள் உண்டு. மனிதரிடத்து உறுதியான சான்று அந்த அளவுக்கு இல்லை. இவற்றை நம்பி அடைபட்ட சிறுநீரகத்தோடு மாதக்கணக்கில் காத்திருப்பதை மட்டும் நாம் ஒப்ப மாட்டோம். வலி நின்றுவிட்டது என்பதனால் கல் போய்விட்டது என்று பொருளாகாது. அடைப்பு நீடித்தால் வலியில்லாமலே சிறுநீரகம் கெட்டுப்போகலாம். காய்ச்சலும் குளிருமாக வலி வந்தாலும், சிறுநீர் அடியோடு நின்றாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். 5 மில்லிமீட்டருக்குக் குறைந்த கற்களில் பெரும்பாலானவை தாமே வெளியேறும். பெரியவற்றை அதிர்வலையால் உடைக்கும் முறை 1980ல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் தொடங்கி இன்று நம் நாட்டுப் பெரிய மருத்துவமனைகளிலும் வழங்குகிறது. ஆனால் உடைத்தபின் சிறுநீர் பழைய சிறுநீராகவே இருந்தால் கல்லும் திரும்பும்.

அங்கத்தினர்கள் ஒவ்வொருவரும் ஒரு முறையேனும் செய்து பார்க்கத்தக்க சோதனை ஒன்றுண்டு. விடுமுறை நாளன்று வேண்டாம். வேலை நாளிலேயே செய்யவேண்டும். காலையில் முதல் சிறுநீரைக் கழித்துவிட்டு, அதன்பின் மறுநாள் காலை முதல் சிறுநீர் உள்பட அனைத்தையும் லிட்டர்க் கோடிட்ட பிளாஸ்டிக் கலயத்தில் சேர்த்து அளந்து பாருங்கள். ஒரு லிட்டருக்குக் குறைந்தால் காவலர்களை மிகவும் வருத்துகிறீர்கள் என்று அறியலாம். ஒரு முறை கல் வந்தவருக்கு இரண்டரை லிட்டர் இருக்கவேண்டும் என்பது மருத்துவர் கருத்து. இருதய நோயோ சிறுநீரகச் செயலிழப்போ உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேளாமல் நீரைக் கூட்டலாகாது. எவ்வளவு குடித்தோம் என்ற கணக்கு ஏமாற்றும். வியர்வை அதைத் தின்றுவிடும். எவ்வளவு வெளியேறியது என்பதே மெய்யான கணக்கு. இரவிலும் ஒரு டம்ளர் அருந்திவிட்டுப் படுப்பது நல்லது. சிறுநீர் மிகவும் செறிவது தூக்கத்தின்போதுதான்.

வலியோடு இருப்பவர்கள் ஒன்று செய்யவேண்டும். சத்திரப்பட்டியில் நெய்யும் கட்டுத்துணியை நான்காக மடித்து, சிறுநீரை அதன் வழியே வடிகட்டி வாருங்கள். கடுகளவு கல் விழுந்தாலும் அருவருத்து எறிந்துவிடாமல், கழுவி உலர்த்தி, ஒரு காலித் தீப்பெட்டியில் இட்டு மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். அது ஆக்ஸலேட்டா, யூரிக் அமிலமா, கிருமியால் வந்ததா என்பதைப் பகுத்துப் பார்த்த பின்புதான் சிட்ரேட் வேண்டுமா, வேறு மருந்து வேண்டுமா என்று அவரால் உறுதியாகக் கூற இயலும்.